மூன்றில் ஒரு பங்கு

"மூணு லெட்டர்லயும் நான் நல்ல பொண்ணும்மா. அவங்க நல்ல பொண்ணைத் தேடல, கணக்குத் தெரிஞ்ச பொண்ணைத் தேடுனாங்க. மூணுலயும் நான் இல்லவே இல்ல."

இதுதான் சார் என் மகள் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. போன வருஷம் மார்ச் மாதம், சமையலறை வாசலில் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "பெத்த பிள்ளையை நல்ல பிள்ளைன்னு எழுதுனதுக்கு எந்தத் தாயாவது பேச்சு வாங்குவாளாடி?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? தோசை தீய்ந்ததுதான் மிச்சம்.

உட்காருங்கள் சார். நீங்கள் நின்றால் நானும் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் உங்களையே உட்காரச் சொல்கிறேன், பாருங்கள்.

நான் கோகிலா. உங்கள் மாணவி மிருதுளாவின் அம்மா. போனில் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறோம், நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பீர்கள் போல. போனில் பெரியவர் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் வந்தது தப்புத்தான். சொல்லிவிட்டு வந்திருந்தால் நீங்கள் வீட்டில் இருந்திருக்க மாட்டீர்கள்.

இவங்கதான் உங்க வீட்டம்மாவா சார்? டீ வேண்டாம்மா. போட்டாச்சா? சரி, அப்போ குடுங்க. சர்க்கரை கம்மியா.

வருகிற வியாழக்கிழமை அவள் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கேட்டுவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்களும் அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து எனக்குச் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். துரோகம் என்பது பெரிய வார்த்தை, எனக்கும் தெரியும். அதைவிடச் சின்ன வார்த்தை ஏதாவது பொருந்தினால் நீங்களே சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் பேசுங்கள் சார், நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன். இருங்கள், இதை மட்டும் முடித்துவிடுகிறேன்.

அவள் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கும்போது நடந்தது. கணக்கில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன், வெளிநாட்டில் ஒன்பது இடத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்றாள். ஒவ்வோர் இடத்திலும் இருநூறு பேர், முந்நூறு பேர் கேட்பார்களாம், மூன்று பேரையோ நான்கு பேரையோ எடுப்பார்களாம். மார்க் பட்டியல் பிரச்சினை இல்லை. அந்தப் பரீட்சை, இந்தப் பரீட்சை எல்லாம் எழுதிவிட்டாள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதையும் அவளே எழுதினாள். "இதை மட்டும் தொடாதம்மா" என்றாள். தொடவில்லை. ஒரே ஓர் இடத்தில் அரைப்புள்ளி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதையும் எடுத்துவிட்டிருந்தாள்.

மிச்சம் மூன்று கடிதங்கள். இவளைத் தெரிந்த மூன்று ஆசிரியர்கள் இவளைப் பற்றி எழுதித் தர வேண்டும். அங்கேதான் எல்லாமே இருக்கிறதாம், அதை வைத்துத்தான் எடுப்பார்களாம். இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறைத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீயே ஒண்ணு டைப் பண்ணிக் கொண்டாம்மா, நான் பாத்து ஏத்திவிட்டுடறேன்." கோடை விடுமுறையில் இரண்டு மாதம் கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியரிடம் வேலை பார்த்தாளே, அவரும் அதையேதான் சொன்னார். எல்லாக் கல்லூரியிலும் இதுதானே வழக்கம். நான் குறை சொல்லவில்லை. நூறு பிள்ளைகள் வந்து நின்றால் யாருக்கு எழுத முடியும்? இந்தப் பெண் இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "என்னைப் பத்தி நானே எப்படிம்மா எழுதுறது, கூச்சமா இருக்கு" என்றாள். நகர்ந்து உட்காரடி என்று சொல்லிவிட்டு நான் எழுதினேன். எனக்கென்ன கூச்சம்? பெற்றவள்.

பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர், அயர்லாந்துக்காரர். அவரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் இப்போதும் தூக்கத்தில்கூடத் தப்பாகப் பேச மாட்டார்கள். பி.ஏ.யில் பல்கலைக்கழகத்தில் நான்காம் இடம். எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன், அந்த மாதம்தான் பெண் பார்க்க வந்தார்கள். அது கிடக்கட்டும்.

இரண்டு கடிதமும் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. நேரம் தவறாதவள், பணிவானவள், கையெழுத்து சுத்தம், பெரியவர்களிடம் மரியாதை, நல்ல குடும்பம். ஒன்றில் நேரத்தை முதலில் போட்டேன், இன்னொன்றில் பணிவை முதலில் போட்டேன், ஒரே ஆள் எழுதியது மாதிரி இருக்கக் கூடாதல்லவா. கடைசியில் "தன் குடும்பத்துக்கும் தன் கல்லூரிக்கும் பெருமை சேர்ப்பவள்" என்று ஒரு வரி. இங்கிலீஷில் அது இன்னும் அழகாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது மதர் சுப்பீரியர் எனக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழில் இருந்த வரி. இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது. அதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஆள் நீங்கள். நீங்கள் மட்டும்தான், "இல்லம்மா, நானே எழுதுறேன்" என்று சொன்னவர். அவள் வீட்டுக்கு வந்து அதை எத்தனை தடவை சொன்னாள் தெரியுமா? இசக்கியப்பன் சார் தானே எழுதுறாராம்மா, தானே எழுதுறாராம்மா. அந்தச் சந்தோஷத்தில் சட்னிக்கு உப்புப் போட மறந்தாள். பத்து நாள் எழுதினீர்களாம். பிறகு எனக்குப் போன் வந்தது. "மேடம், நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு பிள்ளை சொல்லிச்சு. இலக்கணம் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க. பிள்ளைட்ட காட்டிராதீங்க, அது பார்க்கக் கூடாது." எனக்கும் உங்கள் மேல் மதிப்பு வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை வாத்தியார்களுக்கு வருகிறது?

இலக்கணம் மட்டும் என்று சொன்னீர்களா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொன்னீர்கள். சரி, சொன்னீர்கள்.

திறந்து பார்த்தால் இரண்டரைப் பக்கம். சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முதல் பத்தியிலேயே ஏழு பிழை. ஒருமைக்குப் பன்மை, பன்மைக்கு ஒருமை. இறந்த காலத்தில் ஆரம்பித்து நிகழ்காலத்தில் முடிகிற வாக்கியம். அதைப் பிழை பார்த்துக் கொடுத்தால் முழுக்கச் சிவப்பாக இருந்திருக்கும், உங்கள் மனசுதான் கஷ்டப்பட்டிருக்கும். அப்போதுதான் எனக்கு ப்ரெஸி ஞாபகம் வந்தது. உங்கள் காலத்தில் இருந்ததோ என்னவோ. ஒரு பெரிய பத்தியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்வார்கள். அலங்காரம் போக வேண்டும், உதாரணம் போக வேண்டும், கதை போக வேண்டும். சாரம் மட்டும் நிற்க வேண்டும். சிஸ்டர் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணுவார். ஒரு வார்த்தை கூடினாலும் அரை மார்க் போய்விடும். ஏழு வருஷம் ப்ரெஸியில் நான்தான் முதல். இப்போதும் யாராவது பேசினால் மனசுக்குள் சுருக்கிக்கொண்டேதான் கேட்பேன். அவள் அப்பா ஆபீஸ் கதை சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் நானே முடித்துவிடுவேன்.

இரண்டரைப் பக்கத்தை முக்கால் பக்கமாக்கினேன். நீங்களே சொல்லுங்கள், நான் வெட்டியதில் எது நியாயமில்லை?

"மூன்று வாரம் இவள் ஒரு தவறான நிரூபணத்தை நம்பிக்கொண்டிருந்தாள்" என்று எழுதியிருந்தீர்கள். தவறான நிரூபணம். மூன்று வாரம். சார், இது பரிந்துரைக் கடிதமா, புகார்க் கடிதமா? ஒரு பிள்ளைக்கு வேலைக்கோ படிப்புக்கோ எழுதிக் கொடுக்கும்போது, அவள் தப்பு செய்தாள், அதையும் இத்தனை நாள் செய்தாள் என்று உலகத்தில் யாராவது எழுதுவார்களா? வெட்டினேன்.

அடுத்த வாக்கியம். "ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள்." இரண்டு தடவை படித்தேன். கல்யாணம் ஆகாத பெண், ஒரு ஆம்பிளை வாத்தியார் வீட்டுக் கதவை ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டினாள் என்று ஒன்பது இடத்துக்கு எழுதி அனுப்புவதா? உங்கள் வீட்டம்மா இருந்தார்கள், காப்பி கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், மிருதுளா பிறகு சொன்னாள். அது ஜெர்மனிக்காரனுக்குத் தெரியுமா? வெட்டினேன்.

அதற்கப்புறம், உங்கள் வகுப்புக் குறிப்பில் இருந்த ஒரு தேற்றம் பொருந்தாத ஓர் உதாரணத்தை இவள் கொண்டுவந்து காட்டினாள், நீங்கள் எட்டு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், ஒருவரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாத்தியாரையே எதிர்த்துப் பேசுகிற பெண் என்று நினைக்க மாட்டார்களா? அதோடு உங்கள் மானம் என்ன ஆவது? அதையும் நான்தான் காப்பாற்றினேன். இதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

நடுவில் ஒரு முழுப் பக்கம் கணக்கு. அது எனக்குப் புரியவில்லை. எனக்கே புரியாதது அவர்களுக்கு என்ன புரியப் போகிறது என்று... சரி. அவர்களுக்குப் புரியும். இப்போது தெரிகிறது. அப்போது டிசம்பர் பதினான்காம் தேதி, கடைசி நாள் பதினைந்து.

வெட்டியது போக இடம் இருந்தது. நேரம் தவறாதவள் என்பதைச் சேர்த்தேன். பெருமை சேர்ப்பவள் வரியையும் கீழே போட்டேன்.

உங்களுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. "நன்றி மேடம், ரொம்ப அழகா இருக்கு." முக்கால் பக்கத்தை இரண்டு நிமிஷத்தில் படித்து, அழகாக இருக்கிறது என்று முடிவு செய்து, பதிலும் எழுதிவிட முடியுமா? நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை சார். அப்படியே ஒன்பது இடத்துக்கும் ஏற்றிவிட்டீர்கள். பரீட்சை வேலை இருந்ததாம். எனக்கும்தான் வீட்டில் வேலை இருந்தது. என்னை மட்டும் நிற்கவைத்துக் கேட்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டுமா வேண்டாமா?

பரவாயில்லை, தலையை ஆட்டுகிறீர்கள். நீங்களாவது ஒத்துக்கொள்கிறீர்கள்.

பிப்ரவரியில் ஒவ்வொன்றாக வந்தது. வருந்துகிறோம், வருந்துகிறோம், வருந்துகிறோம். நல்ல இங்கிலீஷ்தான், ஆனால் எல்லாம் ஒரே அச்சு. எட்டு இடம் இல்லை என்றார்கள். ஒன்பதாவது இடத்தில் மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டரில். அவள் அறையில் உட்கார்ந்து பேசினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, நின்றேன். ஒரு பெண் பேராசிரியர் பேசினார், மெதுவாக, தெளிவாக. "உங்கள் மூன்று ஆசிரியர்களும் நீங்கள் நேரம் தவறாதவர் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார். உள்ளதைச் சொல்கிறேன். கவனித்திருக்கிறார்களே என்று இருந்தது. அப்புறம் அந்த அம்மா, "மூவரும் கடைசியில் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணிதத்தைப் பற்றி மூவரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றாள் என் மகள். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை "எனக்குத் தெரியாது" என்றாள். அந்த இடமும் கிடைக்கவில்லை.

அவளுக்கு நிஜமாகவே தெரியாது. மற்ற இரண்டையும் நான் எழுதியதுதான் தெரியும். உங்கள் கடிதத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க மாட்டேன் என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்திருந்தாள். மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் சாரின் கடிதம் இருக்கிறது என்றுதான் அவள் இருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சார் என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா என்று நினைத்திருப்பாள். நான்கு நாள் அப்படியேதான் இருந்தாள், சாப்பிடாமல். ஐந்தாம் நாள் உங்களிடம் வந்து கேட்டாளாம். நீங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் எழுதினது இது இல்லம்மா" என்று சொன்னீர்களாம்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா சார் நீங்கள்? ஒரு வார்த்தை. ஏதோ கோப்பு மாறிவிட்டது என்று. நான் உங்கள் மானத்தை நினைத்தேன், நீங்கள் என் மானத்தை நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றாள். அப்போது சொன்னதுதான் நான் முதலில் சொன்னது. குரலை உயர்த்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. எனக்குக் கத்துகிறவர்களோடு பழக்கம். நான் பதிலுக்குக் கத்தினேன், தனியாக. உனக்காக ராத்திரி பகலாக டைப் அடித்தவள் நான், உனக்கு ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பாரா உன் சார், அவர் இங்கிலீஷை நீ பார்த்திருக்கிறாயா என்று. "அதையாவது விட்டு வெச்சிருக்கலாம்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்ததும் பெங்களூருக்குப் போய்விட்டாள், ஏதோ ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலைக்கு. வாரத்துக்கு ஒரு தடவை போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழை. என் கேள்வியையே எனக்குப் பதிலாகத் திருப்பி அனுப்புவாள். அவள் பேச்சைச் சுருக்க எனக்கு வேலையே வைக்கவில்லை.

மறுபடியும் விண்ணப்பம் போடுவாள் என்று எனக்குத் தெரியும் சார். யாரும் சொல்லவில்லை. என் மகள் விடுகிறவள் இல்லை, அது என்னிடமிருந்து வந்தது. நவம்பர் முழுக்க உங்கள் போனை எதிர்பார்த்திருந்தேன். சிரிக்காதீர்கள். மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். இந்தத் தடவை இலக்கணம் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தேன். ஒருமை பன்மை, காலம், அவ்வளவுதான். ஒரு வரிகூட வெட்டுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால்... நான் இந்துதான், ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. டிசம்பர் பதினைந்து போயிற்று. நீங்கள் கூப்பிடவில்லை.

ஆக, பிழையோடேயே அனுப்பினீர்கள். ஏழு பிழையோடு. அதை வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஆடி முதல் வெள்ளி, கோயிலுக்குப் போய்விட்டு ஆட்டோவில் வருகிறேன், உங்கள் கல்லூரி வாசலில் ஒரு பேனர். ஆள் உயரம். கணிதத் துறை வாழ்த்துகிறது என்று போட்டு, ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தேர்வு பெற்ற எங்கள் மாணவி என்று போட்டு, நடுவில் என் மகள். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். தலைமுடியை வெட்டியிருக்கிறாள் சார். தோள் வரைக்கும். இடுப்பு வரைக்கும் இருந்த முடி, வாரந்தோறும் நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. என் மகள் முடி வெட்டிக்கொண்டதை நான் ரோட்டில் ஒரு பேனரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டோக்காரர், "உங்க பிள்ளையாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எப்பக்கா போறாவ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் கேட்டேன். மனிதர் பேப்பரை மடித்து வைத்தார். ஏப்ரலிலேயே தெரியுமாம். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. நான்கு மாதம் என் கையால் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு, எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். பெட்டிகூட வாங்கிப் பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டதாம். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா அதையும் திருத்துவே, கோகிலா" என்றார். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் எனக்குச் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான். நான் நடுவில் முடித்து வைக்கவில்லை.

டீ நன்றாக இருக்கிறதம்மா. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவை தட்டிப் போடாமல் முழுசாகப் போடுங்கள்.

இல்லை, நான் அழவில்லை. எனக்கு அழுகிற பழக்கம் கிடையாது. மின்விசிறி நேரே கண்ணில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சென்னைக்கு ரயில். அவள் அப்பா இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறார். வருகிறாயா என்று கேட்கவில்லை, "வர்றதுன்னா வா" என்றார். அவளும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து நேரே சென்னைக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் என் நாத்தனார் வீட்டில் இருப்பாள், பிறகு விமான நிலையம். ஐந்து வருஷப் படிப்பு. அந்த ஒரு நாள்தான் எனக்கு இருக்கிறது. அந்த ஒரு நாளில் அவளிடம் சரியாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாக யோசிக்கிறேன். நன்றாகச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடிக்கொள், நேரத்துக்கு வகுப்புக்குப் போ. யோசிக்க யோசிக்க இதுதான் வருகிறது. இதையெல்லாம் சொன்னால் அவள் மறுபடியும் அந்தப் பார்வை பார்ப்பாள். சமையலறை வாசலில் பார்த்தாளே, அது.

அவள் எது சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தெரியவில்லை சார். இருபத்து நான்கு வருஷம் கூட வைத்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டரைப் பக்கம் தெரிந்திருக்கிறது.

அதைத்தான் கேட்க வந்தேன். அந்தக் கடிதம். பழையது என்னிடம் இல்லை. நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே வெட்டி, அதிலேயே சேமித்துவிட்டேன், மின்னஞ்சலையும் அழித்துவிட்டேன். அவள் கண்ணில் படக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நானும் அதைப் படித்தவள்தான். ஆனால் பிழை பார்க்கத்தான் படித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் பிழைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகின்றன. எந்த இடத்தில் எந்த எழுத்து விட்டுப்போயிருந்தது என்றுகூடச் சொல்வேன். நீங்கள் என்ன சொல்லியிருந்தீர்கள் என்பது ஞாபகம் வரவில்லை. அவள் வந்து கதவைத் தட்டினாளே, கதவைத் திறந்ததும் உங்களிடம் என்ன சொன்னாள்? அது அந்தக் கடிதத்தில் இருந்தது. நான்தான் வெட்டினேன். அது என்ன?

விதி எனக்கும் தெரியும். மாணவிக்குக் காட்டக் கூடாது என்பதுதானே விதி? நான் மாணவி இல்லை. சரி, காட்ட வேண்டாம். காகிதத்தை என் கையில் கொடுக்க வேண்டாம், அது எனக்கே பயமாக இருக்கிறது. நீங்கள் வாசியுங்கள். இங்கிலீஷில் வேண்டாம், தமிழில் சொல்லுங்கள், நீங்கள் வகுப்பில் பேசுகிற மாதிரி. அந்தக் கணக்குப் பக்கத்தையும் சேர்த்துத்தான். புரியாவிட்டால் புரியாமலே கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

சார்.

அம்மா, நீங்களாவது சொல்லுங்களேன் அவரிடம்.

முழுசும் வேண்டாம் சார். முதல் வரி மட்டும் சொல்லுங்கள்.